சைலன்சர்காரனோட எடது காது

சைலன்சர்னு பேர வச்சிக்கினு சத்தத்த விக்கிற தொழிலு ஒலகத்துலயே எங்க தொழிலு ஒண்ணுதான்.

இனிமே சொல்லப்போறது அத்தினியும் நெசம். ஒரு வார்த்த பொய்யின்னா, அப்பத்தான் ஓடி வந்து நின்ன வண்டியோட சைலன்சர வெறுங்கையால கட்டிப் புடிச்சிக்கிறேன். ஏற்கெனவே ஏழெட்டு வாட்டி புடிச்சிக்கீறேன். அது பொய் சொன்னதுக்கு இல்ல, மறதியில.

நம்ம ஷெட்டு குமணன்சாவடியிலேர்ந்து ரெண்டு தெரு உள்ள. தகரக் கூர, ஒரு ரேம்பு, ஒரு வெல்டிங் மிஷினு, நானு, காதர் பாயி. பாயி பத்த வைப்பாரு. நான் பைப்ப அளந்து, வளச்சி, மாட்டி, கடேசியா சத்தம் பாக்குறவன். காருக்கு மட்டுந்தான் செய்வோம். பைக்குக்காரங்க வந்தா கும்புடு போட்டு அனுப்பிடுவோம், அவுங்க சத்தத்துக்கு அவுங்களே போதும்.

நீங்களும் நம்மகூட மாட்டிக்கினவங்கதான், எனக்குத் தெரியும். ஒண்ணு, வண்டிக்கு சத்தம் வச்சி ஊட்ல திட்டு வாங்கியிருப்பீங்க. இல்லாங்காட்டி, எவனோ வச்ச சத்தத்துல முழிச்சிக்கினு அவன திட்டியிருப்பீங்க. ரெண்டுத்துக்கும் நாந்தான் காரணம்.

மேட்டரு இன்னான்னா, இந்தத் தொழில்ல என் எடது காது போயிடுச்சி. வலது காது பெட்டியக் கட்டிக்கினு வாசல்ல நிக்கிது. அத்தப் புடிச்சி நிறுத்த முடிஞ்சிதா இல்லியான்றதுதான் கத. நடுவுல நாலு கஸ்டமருங்க வந்து பேசுவாங்க, கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

நாலாவது சிலிண்டரு

கார்த்திக்குன்னு ஒரு தம்பி. சொந்த ஊரு திருநெல்வேலி, கம்ப்யூட்டர் வேல, நூம்பல்ல புதுசா ஃப்ளாட்டு, புதுசா கல்யாணம், புதுசா காரு. சின்ன காரு, மூணு சிலிண்டரு. வந்தவரு செல்லுல ஒரு வீடியோ காட்டுனாரு. எந்த நாட்டு வண்டியோ, எட்டு சிலிண்டரு, ஸ்டார்ட் பண்ணாலே மரத்துல குந்தியிருக்கிற காக்காலாம் பறக்குது. "இந்தச் சத்தந்தான் வேணும் அண்ணாச்சி"ன்றாரு.

நான் பானட்டு மேல வெரலால தட்டிக் காமிச்சேன். "தோ பாரு தம்பி, சத்தம் பொறக்குறது இஞ்சின்ல. நான் அதுக்கு வாய் மட்டுந்தான் கட்டித் தர்றேன். ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு வாட்டி வெடிச்சி பொகைய வெளிய தள்ளும். எட்டு கீதுன்னா எடவெளியே இல்லாம தள்ளும், அதான் கர்ஜன. உனக்கு மூணு. நடுநடுவுல மூச்சு வாங்கும். மூணு பேரு நின்னு கோரஸ் பாடுனா மூணு பேரு பாட்டுதான், மைக்கு வச்சா மூணு பேரு கொஞ்சம் சத்தமா பாடுவான், அவ்ளோதான். நல்ல சத்தமா பண்ணித் தரலாம், எட்டு சிலிண்டரா ஆக்க முடியாது."

தம்பி தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டாரு. சரி, புரிஞ்சிடுச்சின்னு நான் டீக்கு சொல்லப் போனேன். திரும்பி வந்து பாத்தா பானட்ட தொறந்து வச்சி, இஞ்சினுக்கும் பேட்டரிக்கும் நடுவுல கைய உட்டு சாண் போட்டு அளந்துக்கினு கீறாரு. என்னப் பாத்ததும் ரொம்ப சீரியஸா கேட்டாரு: "ஒரு சாண் எடம் சும்மாதான் கெடக்கு அண்ணாச்சி. இன்னொரு சிலிண்டர வச்சி வெல்டு பண்ணிர முடியாதா?"

மேம்பாலம்

ஆவடியிலேர்ந்து ஒருத்தரு வருவாரு, ஃபேக்டரியில ஷிஃப்ட் வேல. பழைய செடான் வண்டி, செகண்ட் ஹேண்டு, ஆனா புள்ள மாதிரி வச்சிக்கீறாரு. அவுருக்கு பின்னாடி வர்ற பைப்பு மொழங்கை தண்டியில வேணும். "பைப்பு பெருசா போட்டா பொகை ஃப்ரீயா போவும், பவரு ஏறும்"னு எங்கயோ படிச்சிட்டு வந்துட்டாரு. நான் சொன்னேன், "அண்ணாத்தே, தோட்டத்துக்கு தண்ணி ஊத்துற ஓஸ்ல வெரல வச்சி கொஞ்சம் அமுக்குனா தண்ணி தூரமா பாயுது இல்ல? பொகையும் அப்டித்தான். உன் இஞ்சினு உடுற பொகைக்கு தக்கன பைப்பு இருந்தாத்தான் அது வேகமா போவும், போற வேகத்துல பின்னாடி வர்றத்தையும் இஸ்துக்கினு போவும். பெரிய பைப்பு போட்டா உள்ளயே சோம்பேறியா சுத்தும். வேகத்துல ஓட்டுறவனுக்கு சரி, டவுன்ல ஓட்டுறவனுக்கு வண்டி இழுக்காது." மனுஷன் கேக்கல. போட்டுக் குடுத்தேன். சோக்கா கீதுன்னு தெருவே திரும்பிப் பாக்க போனாரு.

ஒரு வாரத்துல குடும்பத்தோட வந்து எறங்குனாரு. பொண்டாட்டி, ரெண்டு பசங்க, மாமியாரு. மேம்பாலத்துல ஏசியப் போட்டுக்கினு ஏறியிருக்காரு, பாதியில வண்டி முக்குது, மொனகுது, ஏற மாட்டேன்னுது. பின்னாடி பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கிறான். எல்லாரையும் எறக்கி உட்டு, ஒத்தயில மேல ஏத்தி நிறுத்தியிருக்காரு. அவுரு தலைய கீழ போட்டுக்கினு நின்னாரு. மாமியாருதான் சொல்லிச்சி: "சத்தம் முன்னாடி போவுதுப்பா, நாங்க கொழந்தைங்கள இஸ்துக்கினு பின்னாடி நடந்து வர்றோம்."

கூரையில தொங்குற பேருங்க

எங்க ஷெட்ல ஒரு பழக்கம். வண்டியிலேர்ந்து கழட்டுன கம்பெனி சைலன்சர காயலான் கடைக்கு போட மாட்டோம். சாக்பீஸ்ல ஓனரு பேர எழுதி, கம்பியில கட்டி, கூரயில தொங்க உட்டுடுவோம். ஏன்னா, அவன் திரும்பி வருவான். இன்னிக்கு இல்லாங்காட்டி ரெண்டு வருஷம் கழிச்சி வருவான். மூணு காரணம்: போலீசு, கல்யாணம், கொழந்த. கூரயப் பாத்தா எவனெவன் இன்னும் வாழ்க்கையில அடி வாங்கலன்னு தெரிஞ்சிடும்.

ஒருத்தன் வந்தான், "அண்ணா, நாளிக்கு பொண்ணு பாக்க போறோம், பொண்ணோட அப்பா ரிட்டயர்டு வாத்தியாரு, அர நாளுக்கு மட்டும் பழைய சைலன்சர மாட்டிக் குடு"ன்னான். கம்பிய அவுத்து, தொடச்சி, மாட்டிக் குடுத்தேன். பூன மாதிரி போனான். சாயங்காலமே திரும்பி வந்துட்டான். சம்பந்தம் இன்னாச்சின்னு கேட்டேன். தலையில கைய வச்சிக்கினு ரேம்பு மேலயே குந்திட்டான். "சம்பந்தம் ஓகேண்ணா. ஆனா அந்தப் பொண்ணு மொட்ட மாடியிலேர்ந்து வண்டியப் பாத்துட்டு தனியா கூப்டு கேக்குது: 'வண்டி ஏன் சத்தமே இல்லாம இவ்ளோ டொங்கலா கீது, சைலன்சர் மாத்தக் கூடாதா?'ன்னு."

கண்ணாடி ரூமு

ஞாயித்துக்கெழம காலையில நம்ம ஷெட்டு முன்னாடி ஏழெட்டு வண்டி நிக்கும். ஃப்ளாட்டுப் பசங்க, டீ வாங்கிக்கினு நின்னு இஞ்சின் கத பேசுவானுங்க. வேல முடிஞ்ச வண்டிக்கு நான் சத்தம் பாக்கும்போது மட்டும் ஒருத்தனும் மூச்சு உடக் கூடாது, அதுதான் சட்டம். பின்னாடி மூணு அடி தள்ளி குந்துவேன், கண்ண மூடுவேன், எடது காத பைப்புக்கு காட்டுவேன். ஒருத்தன் ஆக்ஸிலேட்டர மெதுவா ஏத்துவான். நான் தலைய ஆட்டுனா எல்லாரும் கைதட்டுவானுங்க. எனக்குப் பேரே காது ஏழுமலை. பதினாலு வருஷம் அப்டி குந்துனேன். வலது கையில ஸ்பானரு இருக்கும், அதனால எப்பவும் எடது காதுதான் பைப்பாண்ட. ஒரு நாளு செல்லு அடிக்குது, எடது காதுல வச்சேன், யாரும் பேசல. கட் பண்ணிட்டு எம் பொண்டாட்டி செல்விக்கு நானே போட்டு, வலது காதுல வச்சி கத்துனேன். அவ சொல்றா, நாந்தான்யா இவ்ளோ நேரமா பேசிக்கினு கீறேன்னு.

அவதான் டாக்டராண்ட இஸ்துக்கினு போனா. ஒரு சின்ன கண்ணாடி ரூமு. உள்ள உக்கார வச்சி, காதுல மாட்டி, சத்தம் கேட்டா பட்டன அமுக்கச் சொன்னாங்க. வாழ்க்கையில அவ்ளோ அமைதிய நான் பாத்ததில்ல. பட்டன் மேல வெரல வச்சிக்கினு காத்துக்கினே கீறேன், எப்போ சத்தம் வரும்னு. வெளிய மிஷினாண்ட நின்னுக்கினு இருந்த செல்வி மூஞ்சிய கண்ணாடி வழியா பாத்தேன். அதுலயே தெரிஞ்சிடுச்சி, சத்தம் வந்துக்கினுதான் கீதுன்னு.

லேடி டாக்டரு படம் போட்டுக் காட்டுனாங்க. எடது காது அவ்ளோதான், திரும்பி வராது. வலதுல மெலிசான சத்தம் போவ ஆரம்பிச்சிருச்சி. மெலிசு மொதல்ல போவும், மொத்தமான சத்தம் கடேசியா போவும், அதனால நமக்கே தெரியாதாம். இன்னிலேர்ந்து காது மூடி மாட்டிக்கினு வேல செஞ்சா கீறது நிக்கும், இல்லன்னா அதுவும் போயிடும்னாங்க. நான் சொன்னேன், சத்தம் பாக்குறவன் காத மூடிக்கினா, நாக்குல துணி சுத்திக்கினு உப்பு பாக்குற சமையக்காரன் மாதிரி ஆயிடும்மா, எவன் வருவான்னு. அவுங்க சிரிக்கல. சீட்ட எழுதிக்கினே சொன்னாங்க: "ஊருக்கெல்லாம் சைலன்சர் மாட்டுறீங்க, உங்க காதுக்கு ஒண்ணு மாட்ட மாட்டீங்களா?"

டீ கிளாஸு

காது மூடி வாங்குனேன். ஹெட்போன் மாதிரி மஞ்சக் கலரு. வாங்கி டூல்ஸ் பொட்டிக்கு அடியில வச்சேன், அவ்ளோதான். ஞாயித்துக்கெழம பசங்க முன்னாடி அத்த மாட்டிக்கினு நின்னா காது ஏழுமலையின்ற பேரு அன்னிக்கே அப்பீட்டு. பேருதான நமக்கு சோறு.

அப்பத்தான் ஒரு டெக்னிக்கு புடிச்சேன். வண்டி ஒரு வேகத்துல போவும்போது உள்ள உம்முன்னு ஒரு சத்தம் மண்டையக் கொடையும் பாருங்க, சைலன்சர் மாத்துன வண்டியில அது பெரிய பேஜாரு. அத்த காதாலதான் புடிக்கணும்னு இல்ல. ஒரு கிளாஸ்ல டீய ஊத்தி டேஷ்போர்டு மேல வச்சி இஞ்சின ஏத்துனா, அந்த எடம் வந்ததும் டீ மேல வட்டம் வட்டமா அல அடிக்கும். பின்னாடி கதவுல உள்ளங்கைய வச்சா கையிலயும் ஏறும். பைப்புக்கு நடுவுல சின்னதா ஒரு டப்பா வச்சா அடங்கிடும். பசங்க வாயப் பொளந்துக்கினு பாத்தானுங்க. காது ஏழுமலை புது வித்த காட்டுறாருன்னு வீடியோ எடுத்தானுங்க. நானும் கண்ண மூடி பிலிம் காட்டுனேன். காதர் பாயி மட்டும் வெல்டிங் கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கினு என்னையே பாத்தாரு. "சக்கரய கொஞ்சம் கம்மியா போடு நைனா, அல இன்னும் நல்லா அடிக்கும்"னாரு.

பேட்டரி வண்டி

ஒரு நாளு மதியம் ஷெட்டு வாசல்ல பைப்ப அளந்துக்கினு குந்தியிருந்தேன். முதுகுக்குப் பின்னாடி யாரோ நிக்கிற மாதிரி இருந்துச்சி, திரும்புனா ஒரு காரு. பம்பரு எம் முட்டிக்கு ஒரு சாண் தூரத்துல. முடிஞ்சிது, ரெண்டாவது காதும் போச்சின்னு நெனச்சேன். பாயி உள்ளேர்ந்து ஓடி வர்றாரு, அவுரு மூஞ்சியும் வெளிறிப் போச்சி. "எங்கேர்ந்துய்யா வந்துச்சி இது, எனக்கே கேக்கலியே!"ன்றாரு. அப்பத்தான் பாத்தேன், பேட்டரி வண்டி.

உண்மையச் சொல்றேன், அந்த வண்டி மேல எனக்கு ஒரு பாசமே வந்துடுச்சி. அது முன்னாடி எல்லாரும் ஒண்ணுதான், எல்லாருக்கும் கேக்காது. ஓட்டிக்கினு வந்தது ஒரு பேங்க்கு மேடம், சேலத்துக்காரங்க. நான் சொன்னேன், அம்மா, இதுல சைலன்சரே இல்ல, வெடிக்கிற இஞ்சினே இல்ல, எங்கிட்ட எதுக்கு வந்தீங்கன்னு. அவுங்க ரொம்ப பாவமா சொன்னாங்க: "தெருவுல ஒருத்தரும் ஒதுங்க மாட்டேங்கறாங்கங்க, நாய் கூட எந்திரிக்க மாட்டேங்குது. கொஞ்சமா, மரியாதையா ஒரு சத்தம் வச்சுக் குடுங்க."

ஓரத்து போல்ட்டு

இதுவரைக்கும் சிரிச்சீங்க இல்ல? இனிமே கொஞ்சம் பாத்து சிரிங்க.

மொத வாட்டி சைலன்சரு மட்டும் மாத்திக்கினு போன கார்த்திக்கு தம்பி திரும்ப வந்தாரு. அப்போ அவுருக்கு கொழந்த பொறந்து மூணு மாசம். இஞ்சின்லேர்ந்து பொகை வெளிய வர்ற மொத எடத்துல மூணு பைப்பு ஒண்ணா சேரும், அத்த ஹெட்டர்னு சொல்லுவோம். மூணையும் ஒரே நீளத்துக்கு வளச்சி வச்சா பொகை ஒண்ண ஒண்ணு இடிச்சிக்காம வரிசையா போவும், சத்தமும் சீரா வரும். நாலாவது சிலிண்டரு இல்லன்னாலும் இது கேட்டாரு, பண்ணோம். மாட்டும்போது ஓரத்து போல்ட்டோட மரை கொஞ்சம் தேஞ்சிருந்துச்சி. ஸ்பானர்ல திருப்பினா கைக்கு டைட்டா கீது, ஆனா அது ஹெட்டர அமுக்கலன்றது பின்னாடிதான் தெரிஞ்சிச்சி. இந்த மாதிரி கேஸுக்குத்தான், காது நல்லா இருந்த காலத்துல, இஞ்சினு குளுந்து கெடக்கும்போது ஸ்டார்ட் பண்ணி பானட்டு மேல ஒரு நிமிஷம் குனிவேன். லீக்கு இருந்தா டிக்கு டிக்குன்னு பல்லி கத்துற மாதிரி மெலிசா கேக்கும். சூடானா இரும்பு விரிஞ்சி அது இன்னும் மெலிசாயிடும். அன்னிக்கும் குனிஞ்சேன். ஒண்ணும் கேக்கல. டீ கிளாஸ வச்சேன். டீ ஆடவே இல்ல. சூப்பரு தம்பின்னு சாவியக் குடுத்துட்டேன்.

பத்து நாளு கழிச்சி காலையிலயே வண்டி வந்து நின்னுச்சி. கார்த்திக்கு, அவுரு பொண்டாட்டி மீனா, மடியில கொழந்த. மொதநாளு வேப்பம்பட்டுல இருக்கிற அக்கா ஊட்டுக்கு போயிருக்காங்க. ரயில்வே கேட்டு போட்டுட்டான், கண்ணாடிய மூடி ஏசியப் போட்டுக்கினு ரொம்ப நேரம் நின்னுருக்காங்க. மீனாவுக்கு தலைவலி, தலச்சுத்தலு. கொழந்த வாந்தி எடுத்து தொவண்டு போச்சி. நல்ல நேரம், அந்தப் பொண்ணு கதவத் தொறந்து கொழந்தயத் தூக்கிக்கினு வெளிய எறங்கியிருக்கு. காத்து பட்டதும் கொழந்த அழுதுச்சாம். ஆஸ்பத்திரியில பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க. கார்த்திக்கு, ஏசி கேஸ் லீக்கா இருக்கும்னு நெனச்சி எங்கிட்ட கேக்க வந்தாரு. தலைவலி, வாந்தின்னா அது ஏசி கேஸு இல்ல, இஞ்சின் பொகை உள்ள போவுதுன்னு எனக்கு புரிஞ்சிடுச்சி. பானட்டத் தொறந்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். குனிஞ்சேன். இன்னும் குனிஞ்சேன். அந்த ஓரத்து போல்ட்டாண்ட ஹெட்டரு கருப்பா பொகை புடிச்சிக் கெடந்துச்சி, கண்ணுக்கு நல்லா தெரியுது, காதுக்கு ஒண்ணுமே இல்ல. பின்னாடி நின்னுக்கினு இருந்த மீனா கேட்டுச்சி: "இந்த டிக்கு டிக்கு சத்தம் மாட்டுன அன்னையிலருந்து வருதே அண்ணாச்சி, ஒங்களுக்கு கேக்கலையா?"

மஞ்சக் கலரு

புது போல்ட்டு, புது கேஸ்கெட்டு, எல்லாம் அப்பவே போட்டோம். கார்த்திக்கு ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தா தேவல. எப்பவும் போம்போது "வாரேன் அண்ணாச்சி"ன்னுட்டுப் போறவரு, அன்னிக்கு சாவிய வாங்கிக்கினு சும்மா போயிட்டாரு. சத்தம் தெரியாதவன் சத்தம் பாக்கலாம், அதுல ஒரு தமாசு கீது. லீக்கு தெரியாதவன் ஓகே சொல்லக் கூடாது, அதுல ஒரு கொழந்த கீது.

ஞாயித்துக்கெழம வந்துச்சி. எட்டு வண்டி. டூல்ஸ் பொட்டிக்கு அடியிலேர்ந்து மஞ்சக் கலரு மூடிய எடுத்து தலையில மாட்டிக்கினு நடுவுல போயி நின்னேன். "இன்னாண்ணா, பாட்டு கேக்குறியா?"ன்னு ஒருத்தன் கலாய்ச்சான். நான் கழட்டி கையில வச்சிக்கினு சொல்லிட்டேன். எடது காது போயி ஒரு வருஷம் ஆவுது. வலதும் பாதிதான். நான் பாஸ் பண்ண ஒரு வண்டியில பொகை உள்ள போயி ஒரு கொழந்த கஷ்டப்பட்டுச்சி. இந்த ஒரு வருஷத்துல எங்கிட்ட வேல செஞ்ச அத்தினி வண்டியும் திரும்ப வரணும், நான் திரும்ப செக் பண்ணுவேன், இனிமே காத வச்சி இல்ல. வர்றவன் வரலாம், போறவன் போலாம். ரெண்டு வண்டி மெதுவா ரிவர்ஸ் எடுத்து கெளம்பிப் போச்சி. நல்லா வாய் கட்டித் தந்த வண்டிங்க, போற சத்தம் எனக்கே கேட்டுச்சி.

காதர் பாயி எதுவுமே நடக்காத மாதிரி டீய உறிஞ்சிக்கினு நின்னாரு. உனக்கு ஷாக்கா இல்லியா பாயின்னு கேட்டேன். "நீ டீ கிளாஸ வச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும் நைனா, எவன்னா டீய குடிக்காம வேடிக்க பாப்பானா?"ன்னாரு. எனக்கு கோவம் வந்துடுச்சி. அப்போ ஏன்யா எங்கிட்ட சொல்லல? மனுஷன் கிளாஸ கீழ வச்சிட்டு, எம் வலது பக்கமா சுத்தி வந்து நின்னு சொன்னாரு: "நானும் உம்பேர்லதான சோறு துன்றேன். வாயத் தொறந்தா சோறு போயிடும்னு கம்முனு இருந்துட்டேன், அது என் தப்புதான்."

சோப்புத் தண்ணி

இப்போ எங்க ஷெட்ல சட்டம் மாறிப்போச்சி. வேல முடிஞ்ச வண்டிக்கு, இஞ்சின ஆஃப் பண்ணிட்டு, பின்னாடி பைப்புல பிளோயர வச்சி காத்து ஊதுவோம். ஜாயின்ட் ஜாயின்ட்டா பிரஷ்ல சோப்புத் தண்ணி அடிப்போம். லீக்கு இருந்தா முட்ட உடும். பஞ்சர் கடக்காரன் டியூப்ப தண்ணியில முக்குறான் இல்ல, அதே கததான். பதினாலு வருஷம் காதால பாத்தத கண்ணால பாக்க ஒரு பக்கெட்டு போதும்னு தெரிஞ்சப்போ, எங்க அப்பன் மேல சத்தியமா, எனக்கே என்ன ஒத வுடணும் போல இருந்துச்சி.

பழைய வண்டிங்க பாதிக்கு மேல திரும்ப வந்துச்சி. மேம்பாலத்துக்காரரும் வந்தாரு, மொழங்கை தண்டி பைப்ப கழட்டிட்டு நான் மொதல்ல சொன்ன சைஸ போட்டுக்கினாரு. கூடவே அவுரு மாமியாரு. அந்தம்மா ஒரு ஸ்டூல போட்டு பக்கத்துல குந்திக்கினு ஒவ்வொரு ஜாயின்ட்டா உத்துப் பாத்துச்சி. ஒரு முட்ட கூட வரல. எனக்கு ஒரே சந்தோஷம். அந்தம்மா எந்திரிச்சி, பொடவைய ஒதறிக்கினு கேட்டுச்சி: "இவ்ளோ சோப்பு போட்டியே, வண்டிய ஒரு தொட தொடச்சிக் குடுத்தா இன்னா கொறஞ்சி போவும்?"

கார்த்திக்குன்னு எழுதுன சைலன்சரு

கூரயில எத்தினியோ பேரு தொங்குனாலும் அந்த ஒரு பேருதான் என் கண்ணுல பட்டுச்சி. தெனம் அண்ணாந்து பாப்பேன். வர மாட்டாருன்னு நெனச்சேன். வேற கடையில புதுசு வாங்கி மாட்டியிருப்பாருன்னு நெனச்சேன். ஒரு மாசம் கழிச்சி வந்தாரு, மூணு பேரும். வந்தவரு எம் பக்கம் பாக்காம நேரா கூரயப் பாத்தாரு. "கெடக்கா அண்ணாச்சி?"ன்னாரு. அந்த 'அண்ணாச்சி' எனக்கு நல்லா கேட்டுச்சி. மெலிசாத்தான் சொன்னாரு, ஆனா கேட்டுச்சி.

கம்பிய அவுத்தோம். நாங்க வளச்ச ஹெட்டர எடுத்துட்டு கம்பெனிதயே போட்டோம், பின்னாடி கம்பெனி சைலன்சரு. சோப்புத் தண்ணி அடிச்சோம். ஒவ்வொரு ஜாயின்ட்டையும் மீனாவ கூப்ட்டு காமிச்சேன். கொழந்த பின் சீட்டுல தூங்கிக்கினு கீது. கார்த்திக்கு சாவியத் திருப்புனாரு. நான் மூடிய மாட்டிக்கினு பின்னாடி வழக்கமா குந்துற எடத்துல குந்துனேன். ஒண்ணும் கேக்கல. சரி, மூடி போட்டுக்கினு கீறோம்னு கழட்டுனேன். அப்பவும் கேக்கல. வலது காத திருப்புனேன். கேக்கல. ரெண்டாவது காதும் போச்சான்னு பழைய பயம் வந்து குந்திச்சி. பம்பரு மேல உள்ளங்கைய வச்சேன். மெதுவா, சீரா, மூணு மூணா ஒரு துடிப்பு. ஓடுது. கொழந்த அசையவே இல்ல.

தலைய தூக்கிப் பாத்தா கார்த்திக்கு டிரைவர் சீட்டுலேர்ந்து எறங்கி, எம் பக்கத்துல வந்து குந்துறாரு. அவுரும் காத பைப்பாண்ட வச்சிப் பாத்தாரு. அப்புறம் என் கையப் பாத்துட்டு, அவுரு கையையும் பம்பரு மேல வச்சாரு. அப்புறம் தெருவே கேக்குற மாதிரி, எம் வலது காதாண்ட வாய வச்சி சொன்னாரு: "எனக்குங் கேக்கல அண்ணாச்சி!"

பதினாலு வருஷம் சத்தத்த வித்து ஒரு காதத் தொலச்சிட்டு, கடேசியில சத்தமே வராத ஒரு வண்டியப் பாத்து கைதட்டுனவன் இந்த ஊர்லயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

சரி, இவ்ளோ நேரம் ரெண்டு காதையும் முழுசா வச்சிக்கினு ஓசியில கேட்டீங்க இல்ல, போவும்போது ஒரு டீயும் ரெண்டு மசால்வடையும் சொல்லிட்டுப் போங்க. இல்ல முடியாதுன்னு சொல்றதா இருந்தா, எடது பக்கமா வந்து சொல்லுங்க.